கலியமூர்த்தி குதிச்ச படம்

உடையாதுங்க, பயப்படாம உக்காருங்க. உள்ள கண்ணாடி தான், ஆனா போர்வையைச் சுத்தி, அதுக்கு மேல பேப்பர் சுத்திக் கட்டியிருக்கேன். காலையில வரும்போதும் இப்படித்தான் மடியில வச்சுக்கிட்டு வந்தேன். கண்டக்டர் என்னம்மா அதுன்னாரு. போட்டோன்னேன். யாரு போட்டோன்னாரு. பேசாம ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

உங்ககிட்ட சொல்றேன். தஞ்சாவூர் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா எனக்கு நெஞ்சு அடைச்சுடும்.

என் பேர் செண்பகவல்லி. தபால் ஆபீஸ் கவுண்டர்ல வேலை. வயசு அம்பத்தொண்ணு. போட்டோ எடுக்கறது எனக்குப் பொழுதுபோக்குங்க, தொழில் இல்ல. பொண்ணு ஓசூர்ல வேலைக்குச் சேர்ந்ததும் வாங்கிக் கொடுத்த கேமரா, இதோ இந்தப் பையில இருக்கே, இது தான். மூணு வருஷமா பூவு, கோபுரம், மழைத்தண்ணியில விழற நிழலுன்னு எடுத்துக்கிட்டுத் திரிஞ்சேன். எங்க ஊர்ல போட்டோ எடுக்கறவங்க சேர்ந்து ஒரு குழு வச்சிருக்கோம். மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை கூடுவோம். இருபத்திரண்டு பேர். பொம்பளை நான் ஒருத்தி தான்.

போன டிசம்பர் கூட்டத்துல தலைவர் ஆரோக்கியசாமி சார், அவரு ரிட்டயர்டு டிராயிங் மாஸ்டர், என் படத்தையெல்லாம் மேசையில பரப்பி வச்சுப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு. நான் என்னவோ பாராட்டப் போறாருன்னு முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு நிக்கறேன். "எல்லாம் நீட்டா இருக்கும்மா. காலண்டருக்குக் கொடுக்கலாம். எதுலயும் ஆளையே காணோமே"ன்னாரு. இருபத்தோரு ஆம்பளையும் சிரிச்சாங்க. ஒருத்தன் காலண்டர்ல நாள் நட்சத்திரம் யாரு போடறதுன்னு கேட்டான்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து புடவை கூட மாத்தலைங்க. ஒரு நோட்டை எடுத்தேன். இந்த வருஷம் என்னென்ன செஞ்சு முடிக்கணும்னு எழுதினேன். தினம் இருபது படத்துக்கு மேல எடுக்கக் கூடாது, எடுத்ததுல ஒண்ணைக் கூட அழிக்கக் கூடாது, தப்பு எங்கேன்னு உக்காந்து பார்க்கணும். அப்புறம், ஒரே இடத்துக்கு முப்பது நாள் விடாம போய் எடுக்கணும். தெரியாத ஒரு மனுஷன்கிட்ட கேட்டு, அனுமதி வாங்கி, கை தொடற தூரத்துல நின்னு முகத்தை எடுக்கணும். அசையற உடம்பை அந்தரத்துல அப்படியே நிறுத்தி எடுக்கணும். கடைசியா, செப்டம்பர் கண்காட்சியில என் படம் ஒண்ணு சுவத்துல தொங்கணும். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துட்டு, "ஆபீஸ்ல டார்கெட்டு டார்கெட்டுன்னு புலம்பறே, வீட்டுலயும் டார்கெட்டா"ன்னாரு. அவருக்கு என்ன தெரியும்? மெகா சீரியல் பார்க்கறதுக்கு யாரும் குறிக்கோள் எழுத வேண்டியதில்லையே.

முப்பது நாள் போறதுக்கு நான் எடுத்துக்கிட்ட இடம் ஏழுகண் பாலம். இப்ப நீங்க ஏறினீங்களே, அதுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடி, புது ஆத்து மேல இருக்கே, அது. ஜூலை கடைசியில ஆரம்பிச்சேன். மேட்டூர் திறந்து, ஆத்துல தண்ணி ரெண்டு கரையும் தொட்டுக்கிட்டு ஓடுது. காலையில ஆறரைக்கு ஸ்கூட்டர்ல போய் நிப்பேன், எட்டு மணிக்குத் திரும்பிடுவேன்.

அங்க தான் கலியமூர்த்தியைப் பார்த்தேன்.

முப்பது வயசு இருக்கும். தேங்காய் பறிக்கற ஆளு. மரத்துக்கு ஏறப் போறதுக்கு முன்னாடி தினமும் அங்க குளிப்பான். படித்துறையில இறங்கிக் குளிக்க மாட்டான். பாலத்துக் கைப்பிடிச் சுவர் மேல ஏறி நின்னு, ரெண்டு கையையும் விரிச்சு, ஒரு நொடி அப்படியே நிப்பான். அப்புறம் பாய்வான். துணி துவைக்கற பொம்பளைங்க கூட ஒரு நொடி கையை நிறுத்திட்டுப் பார்ப்பாங்க. அவ்வளவு அழகா இருக்கும்.

நாலாம் நாள் போய்க் கேட்டேன். "தம்பி, உன் முகத்தை ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" நான் அனுமதி கேக்காம யாரையும் எடுக்கறவ இல்லைங்க, அதை முதல்லயே சொல்லிடறேன். அவன் ஈரத்தலையோட சிரிச்சான். "என் மூஞ்சியையா? என் பொண்டாட்டியே பார்க்க மாட்டா அக்கா." எடுத்தேன். நல்லா வந்துச்சு. நோட்டுல ஒரு டிக் போட்டேன்.

அடுத்தது அந்தரத்துல நிறுத்தறது. அதுக்கும் அவனையே கேட்டேன். அவன் எப்படியும் தினம் குதிக்கறவன் தானே? நான் ஒண்ணும் புதுசா அவனைக் குதிக்கச் சொல்லலையே. முதல் வாரம் ஒண்ணும் சரியா வரல. வெறும் பாதம் மட்டும் வரும், இல்லேன்னா தண்ணி மட்டும் வரும். "அக்கா, நான் விழறேன், நீங்க கோட்டை விடறீங்க"ன்னு சிரிப்பான். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து செய்யற வேலை மாதிரி ஆயிடுச்சு. கையை இன்னும் கொஞ்சம் உசத்திக்கன்னா உசத்திக்குவான். சூரியனைப் பார்த்துத் திரும்புன்னா திரும்புவான்.

இருபத்தாறாம் நாள் ஒரு வியாழக்கிழமை. கண்காட்சிக்குப் படம் கொடுக்க அன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி தான் கடைசி. அவன் குதிக்கற படம் ஒண்ணு கூட அதுவரைக்கும் சரியா அமையல. ஆபீஸுக்கு லீவு சொல்லிட்டுப் போனேன்.

வானம் மூடிக்கிட்டு இருந்துச்சு. தண்ணி நிறமே வேற. முந்தின நாள் செம்மண் கலர்ல இருந்தது, அன்னைக்கு இருட்டா, சுழிச்சுக்கிட்டு, பாலத்துத் தூணுல மோதி நுரை தள்ளிக்கிட்டுப் போகுது. வாழைத்தார் ஒண்ணு, ஒரு கூரைக் கீத்து, எல்லாம் மிதந்து போறதைப் பார்த்தேன். கரையைப் பார்த்துக்கற லஸ்கர் சைக்கிள்ல போனவர், "ராத்திரியே தண்ணி ஏத்தி விட்டாச்சு, இறங்காதீங்க"ன்னு சத்தம் போட்டுட்டுப் போனாரு. காதுல விழுந்துச்சுங்க. படித்துறைப் பொம்பளைங்களுக்குச் சொல்றாருன்னு நெனச்சேன்.

கலியமூர்த்தி வந்தான். தண்ணியைப் பார்த்தான். தலையைச் சொறிஞ்சான். "இன்னைக்குப் படியிலயே குளிச்சுக்கறேன் அக்கா"ன்னான்.

நான் சொன்னேன், "தம்பி, இன்னைக்குத் தான் கடைசி நாள்"னு. அவ்வளவு தான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லல. கட்டாயப்படுத்தல. அவனா ஏறினான்.

ரெண்டு தடவை குதிச்சான்.

இல்ல, இருங்க. வெளிச்சம் பத்தாததுனால முதல் தடவை உடம்பு புகை மாதிரி வந்துச்சு. ரெண்டாவது தடவை நான் சரியா அமுக்கினேன், ஆனா அந்த நேரம் பார்த்து ஒரு பால்காரன் குறுக்க வந்துட்டான். மூணாவது தடவை படத்துல தலை வெட்டுப்பட்டுப் போச்சு. ஒவ்வொரு தடவையும் அவன் கொஞ்சம் தூரம் தள்ளித்தான் கரையேறினான். முதல்ல படித்துறையில. அப்புறம் கொஞ்சம் கீழ இருக்கற இலுப்பை மரத்தண்ட. அதுக்கப்புறம் அதையும் தாண்டி, நாணலைப் பிடிச்சுக்கிட்டு. நடந்து திரும்பி வர நேரமாச்சு. மூச்சு வாங்குச்சு அவனுக்கு. "அக்கா, இழுக்குது. காலை அள்ளிக்கிட்டுப் போவுது. போதும்"னான்.

நான் படத்தைக் காட்டினேன். "பாரு, எல்லாம் சரியா இருக்கு, தலை மட்டும் இல்ல. இவ்வளவு வந்துடுச்சு"ன்னேன். அவன் படத்தைப் பார்த்தான். சிரிக்கல. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கிட்டு ஏறினான்.

அப்ப வந்துச்சுங்க அந்தப் படம்.

எப்படிச் சொல்றது உங்களுக்கு? ரெண்டு கையும் ரெக்கை மாதிரி. விரல் விரலா தெரியுது. முதுகுலேருந்து சொட்டற தண்ணி ஒவ்வொரு துளியும் உருண்டையா தொங்குது. பின்னாடி கறுப்பா ஆறு. கண்ணு நேரா கீழ பார்க்குது. அமுக்கின உடனே எனக்குத் தெரிஞ்சுடுச்சு, வந்துடுச்சுன்னு. கேமராவுக்குப் பின்னாடி ஸ்கிரீன்ல பெருசு பண்ணிப் பார்த்தேன். முகம் தெளிவா இருக்கான்னு பார்க்கணும்ல? முகத்தைப் பெருசு பண்ணினேன், இன்னும் பெருசு பண்ணினேன். இமை மயிர் கூடத் தெரியுது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ஆரோக்கியசாமி சார் இதைப் பார்க்கணும், அந்தக் காலண்டர்க்காரன் பார்க்கணும்னு நெனச்சுக்கிட்டே நிக்கறேன்.

கீழ படித்துறையில ஒரு பொம்பளை "ஐயோ, ஆளைக் காணோமே"ன்னு கத்தினா.

தலையைத் தூக்கினா, தண்ணி மட்டும் தான் போகுது. இலுப்பை மரத்தண்ட ஆள் இல்ல. நாணல்ல ஆள் இல்ல. பொம்பளைங்க எல்லாம் எழுந்து நின்னுட்டாங்க. யாரோ ரெண்டு பேர் கரையோரமா ஓடறாங்க. நானும் ஓடினேன். கேமரா கழுத்துல தொங்கி நெஞ்சுல இடிக்குது. "கலியமூர்த்தி, கலியமூர்த்தி"ன்னு கத்தறேன், எனக்கே என் குரல் கேக்கல. எவ்வளவு தூரம் ஓடினேன்னு தெரியாது. ஒரு செருப்பு எங்கயோ விழுந்துடுச்சு. ஒரு கிழவர் தண்ணியைப் பார்த்துக்கிட்டே, "அடுத்த மதகு வரைக்கும் பாருங்க, அங்கயும் இல்லேன்னா விட்டுடுங்க"ன்னு சாதாரணமா சொல்றாரு.

மதகுக்கு முன்னாடி ஒரு பனைமரம் சரிஞ்சு தண்ணியில கிடந்துச்சு. அதுல மாட்டியிருந்தான். தலை மட்டும் வெளியில. உசிர் இருந்துச்சுங்க. அடியில வந்த மரக்கட்டை ஏதோ தோள்ல அடிச்சிருக்கு. நாலு பேர் இறங்கிக் கயித்தைக் கட்டித் தூக்கினாங்க. தூக்கும்போது அவன் போட்ட சத்தம் இருக்கே, அதை நான் யாருக்கும் சொல்றதில்ல.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். ஆட்டோவுல அவன் தலையை என் மடியில தான் வச்சிருந்தேன். அவன் பொண்டாட்டி சுகந்தி வந்தா, அவன் அண்ணன் வந்தான், சனமெல்லாம் வந்துடுச்சு. அதுக்கப்புறம் எனக்கு அங்க என்ன வேலை, நீங்களே சொல்லுங்க. மணி மூணு. வராந்தா பெஞ்சுல உக்காந்து கேமராவைத் திறந்தேன். அந்த ஒரு படத்தை மட்டும் வச்சுக்கிட்டு, அன்னைக்கு எடுத்த மத்ததையெல்லாம் அழிச்சேன். ஏன் அழிச்சேன்? தெரியலைங்க. அழிக்கக் கூடாதுன்னு நோட்டுல எழுதினவளே நான் தான். அப்புறம் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பெருசாப் போட்டு, அஞ்சு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கொண்டு போய்க் கொடுத்தேன். கொடுக்காம இருந்தா மட்டும் அவன் தோள் சரியாயிடுமா? அவன் பட்ட பாடும் வீணாப் போயிருக்கும்.

முதல் பரிசு.

ஆரோக்கியசாமி சார் அந்தப் படத்துக்கு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. "இப்ப ஆள் வந்துட்டான்மா"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்குத் தான் ஒன்பது மாசம் உழைச்சேன். ஆனா யாரோ அவருக்கு விஷயத்தைச் சொல்லிட்டாங்க. அடுத்த கூட்டத்துல, "அந்தப் பையன் எப்படி இருக்கான்?"னாரு. "நல்லா இருக்கான் சார்"னேன். அதுக்கு அடுத்த மாசமும் கேட்டாரு. "நல்லா இருக்கான் சார்." போன மாசமும் கேட்டாரு. எல்லாருக்கும் முன்னாடி வச்சு. என் குறிக்கோள் அஞ்சும் முடிஞ்சதைப் பத்தி ஒரு மனுஷன் ஒரு வார்த்தை கேக்கல. அவனைப் பத்தியே கேக்கறாங்க. நாலு மாசமா நான் அவனைப் போய்ப் பார்க்கவே இல்லைன்னு அவருக்கு எப்படியோ தெரிஞ்சிருக்கு.

அதான் இன்னைக்குக் கிளம்பினேன். வெறுங்கையோட போகக் கூடாதுன்னு இந்தப் படத்தையே ஃப்ரேம் போட்டு எடுத்துக்கிட்டேன். அவனோட படம் தானே? பார்த்தா சந்தோஷப்படுவான்னு நெனச்சேன். கேமராவையும் எடுத்துக்கிட்டேன். எதுக்கு எடுத்தேன்னு கேக்காதீங்க. வர்ற வருஷத்துக்கு ஒரே மனுஷனை வருஷம் பூரா எடுக்கணும்னு ஒரு யோசனை இருந்துச்சு.

வீட்டு வாசல்ல சுகந்தி கீத்துல ஈர்க்கு கிழிச்சுக்கிட்டு இருந்தா, விளக்குமாறு கட்ட. என்னைப் பார்த்தா. கத்தியைக் கீழ வைக்கல. "யாரோ வந்திருக்காங்க"ன்னு உள்ள பார்த்துச் சொன்னா. நான் யாருன்னு அவளுக்கு நல்லாத் தெரியும்.

கலியமூர்த்தி பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருந்தான். உடம்பு பாதியாப் போச்சு. வலது கை மடியில கிடக்கு, யாரோ அங்க வச்சுட்டுப் போன மாதிரி. "வாங்க அக்கா"ன்னான். நான் உக்காரக் கூட இல்ல, படத்தைப் பிரிச்சுக் காட்டினேன். கையும் ஓடல காலும் ஓடல எனக்கு, எதையாவது செஞ்சுக்கிட்டே இருக்கணும் போல இருந்துச்சு.

ரொம்ப நேரம் பார்த்தான். இடது கை விரலால அந்தப் படத்துல இருக்கற வலது கையைத் தொட்டுக்கிட்டே போனான், தோள்லேருந்து விரல் நுனி வரைக்கும். "நான் தானா இது? சுகந்தி, இங்க பாரேன்." அவ தலையைத் தூக்கல.

"இது எத்தனாவது அக்கா?"

"நாலாவது."

"இல்ல, அஞ்சாவது. நாலாவது தடவையே போதும்னு சொல்லிட்டேன்ல? மூக்குல தண்ணி ஏறிடுச்சு எனக்கு. அதுக்கப்புறம் தான் நீங்க படத்தைக் காட்டினீங்க."

நாலு தான்னு எனக்கு நிச்சயமாத் தெரியும்னு சொல்ல வாயைத் திறந்தேன். கேமராவுல பார்த்தாத் தெரிஞ்சுடும். அதைத் தான் அழிச்சுட்டேனே.

அவன் கோபமாப் பேசலைங்க. கோபப்பட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். ஏதோ ரொம்ப நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கற சந்தேகத்தைக் கேக்கற மாதிரி கேட்டான். "அடிபட்டதும் ஒரு தடவை மேல வந்தேன் அக்கா. பாலத்தைப் பார்த்தேன். நீங்க நின்னுக்கிட்டு இருந்தீங்க. கூப்பிட வாய் வரல, இந்த இடது கையைத் தூக்கினேன். நீங்க குனிஞ்சுக்கிட்டு இருந்தீங்க. என்னத்தைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

"உன்னைத் தான் தம்பி"ன்னேன்.

பொய் இல்லையேங்க. அவன் முகத்தைத் தானே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

சுகந்தி எழுந்து வந்தா. படத்தை எடுத்து என் கையில கொடுத்தா. "கொண்டு போயிடுங்க. இங்க மாட்ட ஆணி இல்ல"ன்னா.

நான் கிளம்பியிருப்பேன். கலியமூர்த்தி தான் நிறுத்தினான். "இரு சுகந்தி"ன்னு அவளை அடக்கிட்டு, "அக்கா, கேமரா கொண்டாந்திருக்கீங்களா? ரைஸ்மில்லுல வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லியிருக்காங்க. நாளைக்கு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ கொடுக்கணும். பஸ்ஸு நெரிசல்ல இந்தத் தோளை வச்சுக்கிட்டு ஸ்டுடியோவுக்குப் போக முடியல"ன்னான்.

எனக்குப் போன உசிர் வந்துச்சு. ஒரு வெள்ளை வேட்டியைச் சுவத்துல கட்டினோம். அவன் சட்டையைப் போட்டுக்கிட்டான். சுகந்தி தான் அந்தக் கையைச் சட்டைக்குள்ள நுழைச்சு விட்டா. போடும்போது அவன் பல்லைக் கடிச்சான். சேர்ல நேரா உக்காந்தான். வலது பக்கம் தோள் இறங்கிக்கிட்டே வருது, அவனே இடது கையால முழங்கையைத் தாங்கிப் பிடிச்சு ஏத்தி வச்சுக்கிட்டான். நான் ஒண்ணு எடுத்தேன்.

கண்ணை மூடிட்டான்.

ஸ்கிரீன்ல தெரியுது. அது ஒண்ணும் பெரிய விஷயமில்லைங்க. பத்துப் பேரை எடுத்தா நாலு பேர் கண்ணை மூடுவாங்க. அப்படியே இருங்கன்னு சொல்லி மறுபடி எடுக்க வேண்டியது தான். அவன் கையைத் தாங்கிக்கிட்டு, நெத்தியில வேர்வையோட, "ஆச்சா அக்கா?"ங்கறான். அவன்கிட்ட அதைக் கேக்க வாய் வரல. கேமராவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன், மரம் மாதிரி.

சுகந்தி வந்து என் தோளுக்கு மேல எட்டிப் பார்த்தா. "கண்ணு மூடியிருக்கு"ன்னா. என் முகத்தைப் பார்த்தா. என்ன நெனச்சாளோ, கேமராவை என் கழுத்துலேருந்து கழட்டினா. என் வீட்டுக்காரரைக் கூட நான் அதைத் தொட விட்டதில்லைங்க.

"எங்க அமுக்கணும்?"

காட்டினேன்.

"சரி. நீங்க வெளியில போய் நில்லுங்க. நீங்க பார்க்க வேணாம்."

போனேன். கிழிச்சுப் போட்ட கீத்துக்கு நடுவுல, தெருவைப் பார்த்துக்கிட்டு நின்னேன். உள்ள அவ ஏதோ சொல்றா, கேக்கல. அவன் "போடி"ங்கறது மட்டும் கேட்டுச்சு. அப்புறம் ஷட்டர் சத்தம். ஒரே ஒரு தடவை. அவ வெளியில வந்தா, கேமராவைப் பைக்குள்ள வச்சு ஜிப்பை இழுத்து மூடிக் கையில கொடுத்தா. "நாளைக்குப் பத்து மணிக்குள்ள வேணும்"னா. சரின்னேன்.

பஸ் ஸ்டாப்புல ஒரு மணி நேரம் நின்னேன். பஸ்ஸுல ஏறி உக்காந்து இவ்வளவு நேரமாச்சு. இதோ, தஞ்சாவூர் லைட்டெல்லாம் தெரிய ஆரம்பிச்சுடுச்சு. இறங்கின உடனே ஸ்டுடியோவுக்குப் போகணும், மூடறதுக்குள்ள. அந்தப் படம் சரியா வந்திருக்கான்னு நான் இன்னும் பார்க்கலைங்க. எப்பவும் எடுத்த மறு நொடி பார்க்கறவ. பையைத் திறக்கப் போறேன், கை போக மாட்டேங்குது.

உங்களுக்கு ஒரு தொந்தரவு கொடுக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இந்தாங்க. இந்த ஜிப்பைத் திறங்க. ஆமா, அந்தக் கறுப்பு பட்டன். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கறேன். நீங்க பார்த்துச் சொல்லுங்க.

கண்ணைத் திறந்திருக்கானா?